மைக் அமத்தி வச்ச வைத்தியம்

மக்கா, எத்தனை தடவை கொன்னாலும் சாகாத நோயாளி ஒங்களுக்குக் கெடைச்சிருக்காவ. நாங்க அந்தக் கொடுப்பினை இல்லாத சென்மம். எங்க காலத்துல ஊசி போடப் பழகணும்னா, நெசமான மனுசன் ஒருத்தன் சட்டைக்கையைச் சுருட்டிக்கிட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும். நாம பழகி முடிக்கிறதுக்குள்ள அவன் கை வீங்கிரும், ஊருக்குள்ள நம்ம பேரும் கெட்டுரும்.

இப்போ பாருங்க. நர்சிங் படிக்கிற எம் பேத்தி திண்ணையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. டாக்டருக்குப் படிக்கிற தம்பி எங்கேயோ ஒரு ஹாஸ்டல் ரூம்ல. பார்மசி படிக்கிற பிள்ளை இன்னொரு ஊர்ல. பிசியோதெரபி தம்பி பஸ்ஸுக்குள்ள இருக்கான்னு நெனைக்கேன், பின்னால ஹாரன் சத்தம் கேக்கு. நாலு பேருக்கும் நடுவுல, திரைக்குள்ள ஒரு அம்மா படுத்திருக்காவ. தொட முடியாது. ஆனா கேள்வி கேட்டா பதில் சொல்லுதாவ, தப்பு மருந்து கொடுத்தா மயங்குதாவ. விர்ச்சுவல் பேஷண்டாம். அவங்களை வச்சு, ஆளுக்கொரு ஊர்ல இருந்துக்கிட்டே கூட்டா வேலை செய்யப் பழகுதாங்களாம். 2020-ல கொரோனா வந்து காலேஜெல்லாம் பூட்டினப்போ பரவின பழக்கம், பூட்டைத் தொறந்த பொறவும் போகல. ஆரம்ப சுகாதார நிலையத்துல கம்பவுண்டரா மருந்து கலக்கியே தலை நரைச்சவன் நான். ஓரமா ஒரு நாற்காலியைப் போட்டு வேடிக்கை பாத்தேன். கேட்டாலும் கேக்காட்டாலும் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வேன். பென்சன் வாங்குறவனுக்கு வேற என்ன வேலை?

ஆட்டத்தைக் கட்டினவன் கெட்டிக்காரன், அதை ஒத்துக்கிடுதேன். அந்த அம்மாவுக்கு 58 வயசு. பல வருசத்துக்கு முன்னால இதய வால்வு மாத்தி வச்சவங்க. ரத்தம் உறையாம இருக்கத் தெனமும் வார்ஃபரின் மாத்திரை. இப்போ சீதபேதின்னு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காவ. டாக்டர் தம்பியோட திரையில வயித்துக் கதை மட்டும் தெரியும். அவரு மெட்ரோனிடசோல் எழுதுதாரு. அந்த அம்மா வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுதாவங்கிற பட்டியல் பார்மசி பிள்ளையோட திரைக்கு மட்டும்தான் வரும். பல் வெளக்கும்போது ஈறுல ரத்தம் வந்துச்சுங்கிறது பேத்தியோட திரையில. கட்டில் கம்பியில லேசா இடிச்சதுக்கே முட்டி கன்னிப்போய்க் கெடக்குங்கிறது பிசியோ தம்பியோட திரையில. மெட்ரோனிடசோலும் வார்ஃபரினும் ஒண்ணாச் சேர்ந்தா, வார்ஃபரினைக் கல்லீரல் செரிச்சு வெளியேத்துற வேலையை மத்தது தடுத்துப் போடும். மருந்து ஒடம்புல தேங்கும், ரத்தம் உறையாது. ரத்தம் உறைய எம்புட்டு நேரமாகுதுன்னு காட்டுற ஐ.என்.ஆர். கணக்கு, 2-க்கும் 3-க்கும் பக்கத்துல நிக்க வேண்டியது, 6, 7-னு ஏறும். மூளைக்குள்ள கசிஞ்சுதுன்னா ஆளு தப்புறது கஷ்டம்.

ஆளுக்கொரு துண்டு. எந்தத் துண்டையும் தனியா வச்சுப் பாத்தா ஒண்ணும் வெளங்காது. நாலையும் சேர்த்தா அஞ்சு நிமிசத்துல பிடிபட்டுரும். சேர்க்கிறதுக்கு வேண்டியது வாய். அது மட்டும்தான் அங்கன இல்ல.

மொதல் கால் மணி நேரம் "ஹலோ, கேக்குதா?", "நீங்க ம்யூட்ல இருக்கீங்க"ன்னு போச்சு. பொறவு டாக்டர் தம்பி ஆரம்பிச்சாரு. அவரே கேள்வி கேட்டாரு, அவரே முடிவு சொன்னாரு, அவரே மருந்து எழுதினாரு. "எல்லாருக்கும் ஓகேதானே?"ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்கு முன்னாலயே அடுத்த பக்கத்தைத் தட்டினாரு. வில்லுப்பாட்டுல புலவர் பாடப் பாட, கூட இருக்கிறவங்க "ஆமா" போடுவாங்கல்லா, மத்த மூணு பேரும் அதைத்தான் செஞ்சாங்க. வில்லுப்பாட்டுலயாவது பக்கப்பாட்டுக்காரரு நடுவுல மறிச்சு, "அதெப்படி அண்ணாச்சி?"ன்னு ஒரு கேள்வி போடுவாரு. இங்கன அதுவும் கெடையாது.

பார்மசி பிள்ளைக்கு ஆரம்பத்துலயே சங்கதி தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன செஞ்சா? ஓரத்துல இருக்கிற சாட் பொட்டியில "வார்ஃபரின் இருக்கே சார்"னு எழுதிப் போட்டா. பக்கத்துல கை கூப்புற பொம்மை வேற. அங்கன ரத்தம் கசியுது, இவ கும்பிடு போடுதா. டாக்டர் தம்பி சாட் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. பிசியோ தம்பிக்கு நெட் போயிருச்சாம். அந்தத் தம்பியோட நெட்டு, பொறுப்பு வர்ற நேரம் பாத்துத்தான் போகும். "ஏட்டி, ஈறுல ரத்தம்னு ஒனக்குத் தெரியும்லா, நீ ஏன் சொல்லல?"ன்னு பேத்தியைக் கேட்டேன். "அவங்க கேக்கல தாத்தா"ன்னா. சரிதான், மரியாதையா வளந்த பிள்ளை.

அம்மா போய்ச் சேர்ந்துட்டாவ. திரையில செவப்பு எழுத்து வந்துச்சு. பக்கத்துலயே 'மறுபடியும் தொடங்கு'ன்னு ஒரு பொத்தான். எமதர்மன் கண்டா வேலையை ராஜினாமா பண்ணிருவான். தட்டினாங்க, அம்மா எந்திரிச்சுட்டாவ. இந்தத் தடவை விடை தெரியும்லா, நாலு பேரும் போட்டி போட்டுப் பேசினாங்க. 'குழுத் தொடர்பு மிக நன்று'ன்னு கம்ப்யூட்டர் மார்க் போட்டுச்சு.

மார்க்குதான் வேணும்னா இம்புட்டு மெனக்கெட வேண்டாம் மக்கா, கெழவன் சுருக்கு வழி சொல்லித் தாரேன். கேமராவை அணைச்சுப் போட்டுட்டு, சிரிச்ச முகமா ஒரு போட்டோவை மாட்டி வையுங்க. அப்பப்போ மைக்கைத் தொறந்து "நல்ல பாயிண்ட்"னு ஒரு சத்தம் கொடுங்க. யாரு பேசினாலும் கொடுக்கலாம், யாரும் பேசலேன்னாலும் கொடுக்கலாம். டாக்டர் எதைச் சொன்னாலும் "அதேதான் நானும் நெனைச்சேன்"னு சேர்ந்துக்கோங்க. கடைசியில, கூட்டு முயற்சியோட மகத்துவத்தை உணர்ந்தேன்னு ஒரு அறிக்கை. அதையும் இப்போ கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துரும். நோயாளியும் பொய், பேச்சும் பொய், அறிக்கையும் பொய். சர்டிபிகேட் மட்டும் நெசம். அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கிடலாம்.

பொய் நோயாளியை நான் கொறை சொல்லுதேன்னு நெனைச்சிராதீங்க. அது நல்ல வம்சம். 1759-ல பிரான்ஸ் ராசா பதினஞ்சாம் லூயி, கூத்ரேங்கிற மருத்துவச்சி அம்மாவை ஊர் ஊராப் போயி பிரசவம் பாக்கச் சொல்லிக் கொடுக்கச் சொன்னாரு. அந்த அம்மா துணியிலயும் தோல்லயும் ஒரு பொம்மை வயிறு தைச்சுக்கிட்டுப் போயி, இருபது வருசத்துக்கு மேல நாட்டுப்புறத்துப் பொம்பளைகளுக்குப் பழக்கினாவ. 1960-ல நார்வேயில லேர்டால்னு ஒரு வெளையாட்டுச் சாமான் வியாபாரி, மூச்சு ஊதிப் பழக ஒரு பொம்மை செஞ்சாரு. இன்னைக்கு ஒலகம் முழுக்க முதலுதவி வகுப்புல படுத்துக் கெடக்கிற பொம்மைக்கு அதுதான் மூத்த அக்கா. 1963-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பேரோஸ்னு ஒரு நரம்பு டாக்டர், ஓவியர்களுக்கு மாடலா நிக்கிற பொம்பளையைக் கூட்டியாந்து, கால் விளங்காத நோயாளியா நடிக்கப் பழக்கி, மாணவங்களைச் சோதிக்க விட்டாரு. ஹாலிவுட் பக்கத்துல இருந்தா இப்படித்தான் புத்தி போகும்னு கேலி பண்ணாங்க. கேலி பண்ணவங்க பேரு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.

ஆனா இவங்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது கை வேலை, கண் வேலை. பக்கத்துல நிக்கிறவன்கிட்ட வாயைத் தொறக்கிற வேலையை ஆஸ்பத்திரிக்காரங்க விமானக்காரங்ககிட்ட இருந்துதான் படிச்சாங்க. விமானக்காரங்க அதைப் படிக்க 583 உசிரு போச்சு.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃபே தீவு. ஓடுபாதை முழுக்க மூடுபனி. ரெண்டு ஜம்போ விமானம் ஒரே ஓடுபாதையில நிக்குது. ஒண்ணு அமெரிக்காவோட பான் ஆம், அது இன்னும் பாதையை விட்டு வெலகல. இன்னொண்ணு டச்சுக்காரங்களோட கே.எல்.எம்., அதோட கேப்டன் அனுமதி வர்றதுக்கு முன்னாலயே கெளம்பிட்டாரு. பின்னால ஒக்காந்திருந்த ஃபிளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம் வந்துருச்சு. அந்த விமானம் இன்னும் வெலகலையோன்னு கேக்கத்தான் செஞ்சாரு. வெலகியாச்சுன்னு கேப்டன் அழுத்திச் சொன்னாரு. எஞ்சினியர் ரெண்டாவது தடவை கேக்கல. கேக்கிறதுக்கு அந்த நாற்காலிக்குத் தைரியம் போதல.

அந்தக் கேப்டன் லேசுப்பட்ட ஆளு இல்ல பாத்துக்கோங்க. கம்பெனி விளம்பரத்துல அவரு படம்தான் போட்டிருந்தாங்க. விமானிகளுக்குப் பாடம் நடத்துற தலைமை வாத்தியாரு. வருசக்கணக்கா அவரு நேரமெல்லாம் எங்கன போச்சு? சிமுலேட்டர்ல. நீங்க இப்போ வச்சு வெளையாடுறீங்களே, அதுக்குப் பெரியப்பா. அந்தப் பயிற்சிப் பெட்டிக்குள்ள கட்டுப்பாட்டு அறைன்னு தனியா ஒண்ணு கெடையாது. கெளம்பலாம்னு அனுமதி கொடுக்கிறதும் வாத்தியாரேதான். யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. விபத்தை ஆராய்ஞ்ச அமெரிக்க விமானிகள் சங்கம், இந்தப் பழக்கமும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு எழுதி வச்சுச்சு.

இதை ரெண்டு தடவை வாசிங்க மக்கா, நான் வந்ததே இதைச் சொல்லத்தான். பயிற்சியில எது இல்லையோ, அது வேலையிலயும் இல்லேன்னு மனசு பழகிப்போகும். ஒங்க திரையில சீஃப் டாக்டர் கெடையாது. ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால பன்னெண்டு பேரு பம்மிக்கிட்டு வர்ற ஊர்வலம் கெடையாது. "நீ எந்த பேட்ச்?"ன்னு ஒரே கேள்வியில ஆளை அரையடி கொறைக்கிற குரல் கெடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினா எரிஞ்சு விழுற டியூட்டி டாக்டர் கெடையாது. அதெல்லாம் இல்லாத இடத்துல நாலு பிள்ளைங்க பணிவாப் பேசிக்கிட்டா, அது நல்ல பழக்கம், அம்புட்டுதான். கூட்டு வேலை பயம் இருக்கிற இடத்துல தேவைப்படுற சாமான். பயத்தை வெளிய நிறுத்திட்டுப் பழகினா, பயம் வாசல்லயே காத்துக்கிட்டிருக்கும்.

விமானத்துல கடைசியில வேற பாடம் வச்சாங்க. 1979-ல அமெரிக்க நாசா ஒரு கூட்டம் போட்டுச்சு. அதுக்குப் பொறவு, சின்ன நாற்காலிக்காரன் பெரிய நாற்காலிக்காரனைத் தடுத்துக் கேக்கிறதையே ஒரு பாடமா வச்சு நடத்த ஆரம்பிச்சாங்க. அதைப் பாத்து, ஸ்டான்ஃபோர்டுல டேவிட் காபான்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுவந்தாரு.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் அது வந்து சேரல. 2005-ல இங்கிலாந்துல, சைனஸ் ஆபரேஷனுக்குப் போன அம்மாவுக்கு மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாய் அடைச்சுக்கிடுச்சு. அனுபவசாலி டாக்டர்மாரு சுத்தி நின்னு வாய் வழியாவே குழாயைச் செருகப் போராடுதாங்க. கழுத்துல துளை போடுற கருவியை ஒரு நர்ஸ் கொண்டாந்து, "தயாரா இருக்கு"ன்னு சொன்னாவ. ஒருத்தரும் திரும்பல. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யு.வுல கட்டில் ஏற்பாடு பண்ணிட்டு வந்தாவ. டாக்டர்மாரு பாத்த பார்வையில, நாமதான் மிஞ்சிட்டோம்னு நெனைச்சு அதையும் ரத்து பண்ணிட்டாவ. செய்ய வேண்டியது என்னன்னு அந்த நர்ஸுகளுக்குத் தெரியும். பதிமூணு நாள் கழிச்சு அந்த அம்மா போய்ட்டாவ. புருசன் மார்ட்டின் புரோமிலி யாருன்னு நெனைக்கீங்க? விமானி. எங்க தொழில்ல இப்படிச் செத்தா யாரைத் தூக்குல போடலாம்னு தேட மாட்டோம், ஏன் வாய் தொறக்கலேன்னு தேடுவோம்னு சொல்லி, அதுக்குன்னே ஒரு அமைப்பை ஆரம்பிச்சாரு.

அதனால பேத்தியா, தொண்டையில சிக்குற வார்த்தையைத்தான் திரைக்கு முன்னால பழகணும். நோயோட பேரு புத்தகத்துலயே கெடக்கு. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்காரங்க வச்சிருந்த ஒரு முறையை ஆஸ்பத்திரிக்காரங்க எடுத்துக்கிட்டிருக்காங்க. எஸ்பார்னு ஒங்க வாத்தியாரம்மா சொல்லியிருப்பாவ: நெலைமை, பின்னணி, நம்ம கணிப்பு, செய்ய வேண்டியதுன்னு நாலு படி. நம்ம பேச்சுல இப்படி வரும்: "சார், ஏழாம் நம்பர் கட்டில்ல ஈறுல ரத்தம் வருது. வால்வு வச்ச அம்மா, வார்ஃபரின்ல இருக்காவ, முந்தாநாள் மெட்ரோனிடசோல் ஆரம்பிச்சிருக்கு. ரத்தம் ரொம்ப நீர்த்துப்போச்சுன்னு நெனைக்கேன். ஐ.என்.ஆர். அனுப்பணும், நீங்க இப்போ வந்து பாக்கணும்." மொத ரெண்டும் எல்லாருக்கும் வரும். மூணாவது, 'நான் நெனைக்கேன்' — அங்கன நாக்கு கொழறும். நாலாவதுல மயக்கமே வந்துரும். டாக்டரைப் பாத்து "நீங்க வரணும்"னு சொல்லுறதா! அந்த நாலாவதை மட்டும் நூறு தடவை சொல்லிப் பழகு.

அப்படியும் அவரு கேக்கலேன்னா? அதுக்கும் படி இருக்கு. எனக்குக் கவலையா இருக்குன்னு மொதல்ல. எனக்கு மனசு ஒப்பலேன்னு அடுத்து. இது நோயாளிக்கு ஆபத்து, கொஞ்சம் நிறுத்துங்கன்னு கடைசியா. அமெரிக்காவுல 2006-ல இருந்து அரசாங்கமே இதைப் பாடமா நடத்துது. கும்பிடு பொம்மை இந்த மூணுலயும் எங்கேயும் வரல, கவனிச்சியா?

இன்னொண்ணு, சொன்னதைத் திருப்பிச் சொல்லுறது. நம்ம ஊரு வார்டுல "ஒரு மில்லி போடு"ன்னு குரல் வரும். மில்லிகிராமா, மில்லிலிட்டரா? மார்பின் ஆம்பூல்ல ஒரு மில்லிலிட்டருக்குள்ள 10, 15 மில்லிகிராம் இருக்கும். ஒரு மில்லிக்கும் இன்னொரு மில்லிக்கும் நடுவுல ஒரு மனுசனோட மூச்சு கெடக்கு. "ஒரு மில்லிகிராம் மார்பின், சரியா சார்?"னு திருப்பிக் கேக்கிறவளை எரிச்சலாப் பாக்கிற டாக்டர் இருக்காரு. அவரு எரிச்சல்ல இதுவரை ஒரு நோயாளியும் செத்ததில்ல, கேட்டே போடு.

பேரைச் சொல்லிக்கிறதே மருந்துன்னா நம்புவீங்களா? உலக சுகாதார நிறுவனத்தோட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல்ல, கத்தியை வைக்கிறதுக்கு முன்னால தியேட்டர்ல நிக்கிற எல்லாரும் பேரையும் வேலையையும் சொல்லிக்கணும்னு ஒரு வரி இருக்கு. டெல்லியில ஒண்ணு உட்பட எட்டு ஊரு ஆஸ்பத்திரியில பட்டியலை வச்சுப் பாத்து, 2009-ல கணக்கு வெளியிட்டாங்க. சாவு நூத்துக்கு 1.5-ல இருந்து 0.8-ஆ எறங்குச்சு, ஆபரேஷனுக்குப் பின்னால வர்ற சிக்கல் 11-ல இருந்து 7-ஆ எறங்குச்சு. பேரு சொன்னதால மட்டும் வந்ததில்ல அது, பட்டியல்ல இன்னும் பல வரி இருக்கு. ஆனாலும் ஒரு தடவை வாயைத் தொறந்தவளுக்கு ரெண்டாவது தடவை தொறக்கிறது லேசு. ஒங்க திரையில ஒவ்வொருத்தர் பேரும் கீழயே எழுதியிருக்குன்னு சொல்லி அதையும் விட்டுட்டீங்க.

திரையிலயும் ஒரு நல்லது இருக்கு, மறைக்க மாட்டேன். எல்லார் கட்டமும் ஒரே அளவு. வார்டுல சீஃப் கட்டில் தலைமாட்டுல நிப்பாரு, மாணவர்கள் அதுக்குப் பின்னால, நர்ஸ் பிள்ளை கால்மாட்டுல, மருந்தாளுநரோ அடுத்த கட்டடத்துல ஜன்னல் கம்பிக்குப் பின்னால. திரையில அந்தத் தூரமெல்லாம் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. நம்ம நாட்டுல டாக்டர் படிப்புக்குத் தேசிய மருத்துவ ஆணையம், நர்சிங்குக்குத் தனியா ஒரு அமைப்பு, மருந்தாளுநருக்கு பார்மசி கவுன்சில், பிசியோதெரபி மாதிரிப் படிப்புக்கு 2021-ல தனியா ஒரு சட்டம். ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு காம்பவுண்டுச் சுவர், ஆளுக்கொரு டைம்டேபிள். இந்தச் சுவரைத் தாண்டி நாலு பேரையும் வாரம் ஒரு மணி நேரம் ஒக்கார வைக்க, கம்ப்யூட்டரை விட்டா மலிவான வழி எனக்குத் தெரியல. மருத்துவ ஆணையத்துப் பாடத்திட்டமும், டாக்டர்னா சுகாதாரக் குழுவுக்குத் தலைவராவும் உறுப்பினராவும் இருக்கணும்னுதான் சொல்லுது. நம்ம தம்பி 'தலைவர்' வரைக்கும் வாசிச்சுட்டுப் புத்தகத்தை மூடிட்டாரு போல.

ஆட்டம் கட்டுற ஐயாமாருக்கும் ரெண்டு வார்த்தை. ஒங்க குழுவுல ஆயாம்மா எங்க? லேப் டெக்னீஷியன் எங்க? பெட்பேன் எடுக்கிறவங்கதான் மலத்துல ரத்தம் வந்தா மொதல்ல பாப்பாங்க. அவங்க சொன்னதைக் கேக்காம விட்டதால வந்த வெனையை எழுதினா, புத்தகம் போட பேப்பர் பத்தாது. அந்த அம்மாவோட கூட இருக்கிற மகளைத்தான் எங்க காணோம்? "எங்கம்மா வெள்ளைக் கலர் மாத்திரை ஒண்ணு சாப்பிடும், பேரு தெரியாது"ன்னு சொல்லுற மகள் இல்லாம இந்த நாட்டுல எந்த வார்டு நடக்குது? வாரம் முழுக்கக் கீரையை ஆக்கிப் போட்டு வார்ஃபரினோட வேலையைக் கெடுக்கிறவளும் அவதான், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து மூச்சு மாறுனதைச் சொல்லுறவளும் அவதான். அவளையும் ஒரு கட்டத்துல போடுங்க.

அப்புறம், சீஃபை உள்ள விடுங்க. சிடுசிடுன்னு பேசுற ஒரு பெரிய டாக்டர் வேசத்தை ஒருத்தருக்குக் கொடுத்து, "நான் சொன்னா சொன்னதுதான்"னு அடம்பிடிக்கச் சொல்லுங்க. அவரைத் தாண்டிப் பேசினாத்தான் அந்த அம்மா பொழைக்கணும். சாட் பொட்டியைப் பூட்டி வையுங்க. சொல்ல வந்தது குரலாத்தான் வரணும். டாக்டர் தம்பிக்கு நர்ஸோட பக்கத்தை மட்டும் கொடுங்க, கேக்காத வரைக்கும் பேசக் கூடாதுன்னா எப்படி இருக்கும்னு ஒரு மணி நேரம் தெரிஞ்சுக்கிடட்டும். 'மறுபடியும் தொடங்கு' பொத்தானை மறைச்சுருங்க. அம்மா செத்தா செத்ததுதான். அரை மணி நேரம் ஆட்டம்னா, அதுக்குப் பொறவு ஒரு மணி நேரம் பேச்சு. யாருக்கு எது எப்போ தெரிஞ்சுது, தெரிஞ்சவங்க ஏன் சொல்லல, சொன்னவங்க பேச்சை யாரு ஏன் கேக்கல. பார்மசி பிள்ளை தன் வாயால, "சார் கோவிச்சுக்கிடுவாரோன்னு பயந்தேன்"னு சொல்லணும். டாக்டர் தம்பி அதைக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். பாடம் அங்கனதான் நடக்குது. இங்க நடக்கிற லட்சணம் என்னன்னா, ஆட்டம் முடிஞ்ச ஒடனே "தேங்க்யூ சார், தேங்க்யூ மேம்"னு வரிசையா எறங்கிப் போயிருதாங்க.

பேராசிரியர் ஐயாமாரே, அம்மாமாரே, ஒரே ஒரு விண்ணப்பம் வச்சுக்கிடுதேன். மாணவங்க பயப்படுறது நோய்க்கு இல்ல, ஒங்களுக்கு. மேற்பார்வை பாக்கிறேன்னு கேமராவை அணைச்சுட்டு ஒளிஞ்சிருந்தா அந்தப் பயம் போகாது. அடுத்த கேஸுக்கு நீங்க நர்சிங் மாணவியோட பக்கத்தை வாங்கிக்கிட்டு ஒக்காருங்க. சீஃப் நாற்காலியில எம் பேத்தி ஒக்காரட்டும். ஒரு மணி நேரம்தான் கேக்கேன். மார்க்கு வேண்டாம்.